199 வயதுக்காரர்கள்

பிலோமினாவை நான் கடைசியாக உயிரோடு பார்த்தபோது அவள் என்னிடம் நூறு எழுத்து கேட்டாள். நான் அறுபது போதும் என்றேன். அதற்குள் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

ஏன் முழிக்கிறீர்கள்? உட்காருங்கள் சார். சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் ஆனால்தான் அடுத்த ரத்தம் எடுப்பார்கள். எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள்? எட்டே கால். என்ன சாப்பிட்டீர்கள்? இட்லியா? சரி, இட்லி என்றே வைத்துக்கொள்வோம். திண்டுக்கல்லில் காலை எட்டு மணிக்கே பிரியாணி கிடைக்கும் என்பது எனக்கும் தெரியும், உங்கள் கைவிரலில் மஞ்சள் இருப்பதும் தெரிகிறது, எனக்கென்ன வந்தது. பத்தே கால் வரைக்கும் நீங்கள் எங்கேயும் போக முடியாது. நானும் எங்கேயும் போகப்போவதில்லை. இந்த நாற்காலி என்னுடையது.

காலையில் அந்தப் பெண் உங்கள் வலது கையில் ரப்பரைக் கட்டியபோது, 'இடது கை, இடது கை' என்று நான் இங்கிருந்தே கத்தினேன் அல்லவா? அவளுக்குக் கோபம். உங்களுக்கு ஆச்சரியம். எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டீர்கள். அதைச் சொல்லத்தான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன். நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. ரெண்டு வார்த்தையில் முடித்துவிடுகிறேன்.

பிலோமினா என் மனைவி. இந்த லேப் கவுண்டரில் பதின்மூன்று வருஷம் உட்கார்ந்திருந்தவள். வருகிறவர்களிடம் பெயர், வயது, போன் நம்பர் கேட்டு அடிப்பது அவள் வேலை. அவள் அடிப்பதெல்லாம் போய்ச் சேருகிற இடத்தைச் செய்தவன் நான், அருளப்பன். இன்வெர்ட்டர் ரிப்பேர் பார்க்க வந்தவன்தான். இந்த லேபின் முதலாளி டாக்டர் கோவர்த்தனன், 2003-ல் ஒரு கம்ப்யூட்டரை வாங்கி, அதற்குத் துணி போட்டு மூடி வைத்திருந்தார். 'அருளப்பன், உங்களுக்குத்தான் கரண்ட் வேலை தெரியுமே, இதைக் கொஞ்சம் பாருங்க' என்றார். கரண்டுக்கும் அதற்கும் உள்ள சம்பந்தம் பிளக் வரைக்கும்தான். ஆனாலும் பார்த்தேன். பழைய புத்தகக் கடையில் ஒரு புத்தகம் வாங்கி நானாகப் படித்தேன். அதில் கடைசி நாற்பது பக்கம் இல்லை. அந்த நாற்பது பக்க விஷயம் இன்றுவரை எனக்குத் தெரியாது. தேவைப்பட்டதும் இல்லை.

டேட்டாபேஸ் என்றால் பயந்துவிடாதீர்கள். கோடு போட்ட பெரிய நோட்டு, அவ்வளவுதான். ஒரு ஆளுக்கு ஒரு வரி. ஒரு விவரத்துக்கு ஒரு கட்டம். பெயருக்கு ஒரு கட்டம், வயதுக்கு ஒன்று, போனுக்கு ஒன்று. கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் வைத்தேன். டாக்டர் கேட்கவில்லை, பிலோமினா கேட்டாள். அதற்கு அறுபது எழுத்து கொடுத்தேன். சீட்டு அச்சடிக்கிற மெஷினின் அகலம் அறுபது எழுத்து, அதனால் அறுபது. யோசித்துச் செய்ததுதான். அதற்கு மேல் அடித்தால் மீதியை அதுவே வெட்டிவிடும். ஒரு புகார் கிடையாது, ஒரு சிவப்பு எழுத்து கிடையாது. சத்தம் போடாமல் வேலை செய்வதுதான் நல்ல மெஷின் என்பது என் கருத்து.

"ஏங்க, பாதியில வெட்டுதுங்க" என்பாள்.

"சுருக்கமா எழுது."

"மனுஷங்களைப் பத்தி எழுதுறேன். அறுபதுல எப்படி அடக்குறது?"

"எனக்கு அடங்குதே."

"உங்களுக்கு ஆறே போதும்."

வருஷத்துக்கு நாலு தடவையாவது இந்தப் பேச்சு வரும். பொங்கல், தீபாவளி மாதிரி. நான் எப்போதும் ஒரே பதில்தான் சொன்னேன். ஒரு டேபிளைச் செய்து முடித்த பிறகு அதைத் தொடக் கூடாது. கட்டின வீட்டில் சுவரைத் தள்ளி வைப்பீர்களா?

நான் சுத்தக்காரன் சார். அதையும் சொல்லிவிடுகிறேன். 2008-ல் ஒரு நாள் டேபிளைப் பார்த்துக்கொண்டே வந்தால், வயது பூஜ்ஜியம் என்று கொஞ்சம் வரிகள். பரிசோதனை எதுவும் இல்லை. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கண்டபடி ஏதோ எழுத்து. மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு வரி. படித்துப் பார்த்தாயா என்று கேட்காதீர்கள், குப்பையை யாராவது படிப்பார்களா? ஒரே கட்டளை, துடைத்துவிட்டேன். 'அருளப்பன் இருக்கிற இடம் சுத்தம்' என்று டாக்டரே சொன்னார். வீட்டுக்குப் போய் பிலோமினாவிடம் பெருமையாகச் சொன்னேன்.

"எல்லாத்தையுமா?" என்றாள்.

"ஒண்ணு விடாம."

அந்த வாரம் முழுக்க அவள் சரியாகப் பேசவில்லை. வெயில் காலம். தலைவலியாக இருந்திருக்கும்.

அப்புறம் 2016. இதயத்தில் வால்வு கோளாறு. மதுரையில் ஒரு ஆஸ்பத்திரி. ஆபரேஷனுக்கு அழைத்துப் போகும்போது ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டு என் சட்டைக் கையைப் பிடித்தாள். மற்ற பெண்கள் அந்த நேரத்தில் நகையைப் பற்றிச் சொல்வார்கள், பிள்ளைகளைப் பற்றிச் சொல்வார்கள். எங்களுக்கு ரெண்டும் இல்லை. "ஏங்க, நான் திரும்பி வர்றதுக்குள்ள அந்தக் கட்டத்தை நூறாக்கி வைங்க" என்றாள். நான் என்ன சொன்னேன் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

அடக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாம் 'அருளப்பன் கல்லு மாதிரி நிக்கிறார்' என்றார்கள். பாராட்டாகத்தான் சொல்லியிருப்பார்கள். ரெண்டு நாள் கழித்து, ரேஷன் கடையில் கோதுமை இல்லை என்று சொன்னதற்கு நான் அழுதேன் என்று தெருவில் ஒரு பேச்சு இருக்கிறது. அழுதது உண்மைதான். ஆனால் கோதுமை விஷயத்தில் அவர்கள் செய்வது அநியாயம் சார். நீங்களே சொல்லுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன கோடையில் டாக்டருக்குப் புது சாஃப்ட்வேர் ஆசை வந்தது. ரிப்போர்ட் போனுக்கே போக வேண்டும், சர்க்கரைக்காரர்களுக்கு நாள் தவறாமல் மெசேஜ் போக வேண்டும். கோயம்புத்தூரிலிருந்து ஒரு கம்பெனியைப் பிடித்தார். அவர்கள் மிருதுளா என்று ஒருத்தியை அனுப்பினார்கள். முப்பது வயது, ரெண்டு குழந்தை, அந்த ஊருக்கே உரிய குசும்பு. வந்த அன்றே என்னை 'அங்கிள்' என்றாள். பொறுத்துக்கொண்டேன்.

அவர்கள் வேலை செய்கிற விதத்தை உங்களுக்கு எப்படிச் சொல்வது? கல்யாணத் தரகர் கையில் ஒரு காகிதம் இருக்கும் பாருங்கள். மாப்பிள்ளை உயரம் இவ்வளவு, நிறம் இன்னது, கெட்ட பழக்கம் இல்லை. அந்த மாதிரி இவர்கள் என் டேபிளைப் பற்றித் தங்கள் பாஷையில் ஒரு காகிதம் எழுதி வைத்துக்கொள்வார்கள். அதற்கு மேப்பிங் என்று பெயர். இவர்களுடைய சாஃப்ட்வேர் என் டேபிளை நேராகப் பார்க்காது, அந்தக் காகிதத்தைப் படித்துவிட்டுத்தான் வரும். காகிதமும் மாப்பிள்ளையும் ஒத்துப்போனால் கல்யாணம் நடக்கும். ஒத்துப்போகாவிட்டால்? காகிதத்தைத் திருத்துவதுதானே முறை? இவர்கள் மாப்பிள்ளையை இழுத்து நீட்டப் பார்க்கிறார்கள் சார்!

"அங்கிள், உங்க டேபிளும் எங்க மேப்பிங்கும் பதினேழு இடத்துல முட்டுதுங்க" என்றாள் மிருதுளா.

"டேபிள் முட்டாதும்மா. அது இருபது வருஷமா ஒரே இடத்துல நிக்குது. நீங்கதான் வந்து முட்டுறீங்க."

ஒவ்வொன்றாக உட்கார்ந்து தீர்த்தோம். நான் ஆண், பெண், மூன்றாம் பாலினம் தவிர நாலாவதாக ஒன்று போட்டிருந்தேன்.

"இந்த நாலாவது யாருங்க அங்கிள்?"

"குழந்தை."

"குழந்தைங்கிறது ஒரு பாலினமுங்களா?"

"ரத்தத்துக்கு ஆமாம். குழந்தைக்கு நார்மல் அளவு வேற."

 பிறகு தன் காகிதத்தில் நாலாவதைச் சேர்த்துக்கொண்டாள். அது எனக்கு வெற்றி. போன் நம்பரில் அவளுக்கு வெற்றி. இப்படியே பதினைந்து முடிந்தது. கடைசியில் ரெண்டு மிஞ்சியது.

ஒன்று, குறிப்புக் கட்டம். என் டேபிளில் அறுபது, அவள் காகிதத்தில் இருநூற்றைம்பத்தைந்து. அவர்கள் சாஃப்ட்வேர் இருநூறு எழுத்து அடித்தாலும் சந்தோஷமாக வாங்கிக்கொள்ளும், டேபிளுக்குக் கொண்டுவந்து கொடுக்கும்போது இடம் பத்தாமல் கூச்சல் போட்டுப் படுத்துக்கொள்ளும். அறுபது என்று திருத்து என்றேன். 'இந்தக் காலத்துல யாருங்க அங்கிள் அறுபது வைப்பாங்க?' என்றாள். அன்றைக்கு நாங்கள் ரெண்டு பேரும் தனித்தனியாக டீ குடித்தோம்.

இன்னொன்று, வயது. அவள் காகிதத்தில் வயது நூற்றிருபதைத் தாண்டக் கூடாது. நியாயம்தான்.

"அங்கிள், உங்க ஊர்ல 199 வயசுல மூவாயிரத்து நூத்திப் பதினாலு பேரு இருக்காங்க. தண்ணியில என்னங்க கலக்குறீங்க?"

"தண்ணியே வர்றதில்லம்மா."

பார்த்தேன். உண்மைதான். எல்லாருக்கும் வயது 199. ஒருத்தருக்கும் பரிசோதனை கிடையாது. பழைய குப்பை திரும்பி முளைத்திருக்கிறது என்று நினைத்தேன். துடைத்துவிடலாம் என்று நானே சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை துடைப்பது, திங்கட்கிழமை காலை புது சாஃப்ட்வேரைத் திறப்பது என்று முடிவானது.

ஆனால் புதன்கிழமை அவர்கள் மெசேஜைச் சோதித்துப் பார்த்தார்கள். பத்துப் பேருக்கு அனுப்பியிருக்கலாம். மிருதுளாவின் மேலதிகாரி கோயம்புத்தூரிலிருந்தே எல்லாருக்கும் அனுப்பிவிட்டான். எல்லாருக்கும் என்றால், 199 வயதுக்காரர்களுக்கும்.

வெள்ளோட்டில் ஒரு மளிகைக்கடைக்காரருக்கு வந்த மெசேஜ்: 'அன்புள்ள நாற்காலியோட சாய்ஞ்சு நம்ம மேல விழுவார் 92 கிலோ அவர்களே, உங்கள் அடுத்த சர்க்கரைப் பரிசோதனைக்கான நாள் வந்துவிட்டது.' ஒரு ரிட்டயர்ட் தலைமை ஆசிரியருக்கு: 'அன்புள்ள பொய் சட்டையில சாம்பார் இருக்கும் பார் அவர்களே.' நாகல் நகரில் ஒரு அம்மாவுக்கு: 'அன்புள்ள மாமியார் வெளிய போனதும் மறுபடி வயசு கேளு அவர்களே.' அதை மாமியார்தான் படித்திருக்கிறார்.

எங்கள் வார்டு கவுன்சிலர் செம்புலிங்கம் நாலு ஆட்களோடு வந்து இறங்கினார். கூடவே அவருடைய அம்மா. போனை மேஜைமேல் எறிந்து, 'படிங்கய்யா' என்றார். டாக்டர் படித்தார். 'அன்புள்ள அவங்க அம்மா மடியில முகத்தை வச்சுக்குவார் சிரிக்காதே அவர்களே.'

நாலு ஆட்களும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கவுன்சிலரின் அம்மாதான் பேசினார். "இதுல என்னடா பொய்? உள்ளதைத்தானே போட்டிருக்கு. போன மாசம்கூட என் சேலையைக் கடிச்சே."

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. 'சிரிக்காதே' என்று ஒரு வாக்கியத்தை முடிக்கிற ஆள் என் வீட்டில்தான் இருந்தாள்.

வியாழக்கிழமை டாக்டர் என்னைக் கூப்பிட்டுக் கத்தினார். "இருபது வருஷமா உள்ள உக்காந்து என்னத்தைய்யா பார்த்தீங்க? ஞாயித்துக்கிழமை சாயங்காலத்துக்குள்ள அத்தனையும் அழிஞ்சிருக்கணும். ஒரு வரி இருக்கக் கூடாது." நான் ஒன்றும் சொல்லவில்லை. தலையாட்டினேன். அந்த நேரத்தில் எனக்குச் சொல்ல எதுவும் இல்லை. சத்தியமாக இல்லை.

வெள்ளிக்கிழமை மிருதுளா அந்த வரிகளைப் படித்துப் படித்து மேஜையில் தலை வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். சிரித்துக்கொண்டே, "அங்கிள், இது குப்பையில்லீங்க. இது பாதி. முன்பாதி வேற எங்கயோ இருக்குதுங்க" என்றாள். நான் எழுந்து அவள் பின்னால் போய் நின்றேன். மளிகைக்கடைக்காரரின் நிஜமான வரியைத் திறந்தாள். குறிப்புக் கட்டம்: 'ஊசியைப் பார்த்தா மயக்கம் போடுவார். படுக்க வச்சுக் குத்து. இல்லேன்னா'. அதோடு அறுபது முடிந்துவிட்டது. அடுத்த எண்ணில், அதே போன் நம்பரில், வயது 199: 'நாற்காலியோட சாய்ஞ்சு நம்ம மேல விழுவார் 92 கிலோ'.

புரிந்ததா சார்? பெயர்க் கட்டத்துக்கு நான் நூறு எழுத்து கொடுத்திருந்தேன். குறிப்பில் இடம் முடிந்ததும், உடனே அடுத்த எண்ணில் ஒரு பொய் ஆளைப் பதிவு செய்து, மீதியை அவன் பெயராக அடித்திருக்கிறாள். ஒரு போன் நம்பரைப் போட்டால் அந்தக் குடும்பமே வயது வரிசையில் திரையில் வரும். 199 என்று போட்டால் அவன் கடைசியில் வந்து நிற்பான், யாருக்கும் இடைஞ்சல் இல்லை. பூஜ்ஜியம் போட்டால் அருளப்பன் வந்து துடைத்துவிடுவான். அதைத்தான் 2008-ல் தெரிந்துகொண்டாளே.

இதையெல்லாம் கண்டுபிடித்தது நான்தான். மிருதுளா முதலில் சொன்னாள், அவ்வளவுதான்.

"செம மூளைங்க அங்கிள். யாருங்க அடிச்சது?"

"கவுண்டர்ல இருந்தவங்க" என்றேன்.

சனிக்கிழமை காலை நான் டாக்டர் வீட்டு கேட்டில் நின்றேன். எப்படி அங்கே போனேன் என்று கேட்டால், சைக்கிளில்தான். டாக்டர் லுங்கியோடு பல் தேய்த்துக்கொண்டே வந்தார். நான் பேசினேன். என்ன பேசினேன் என்று கோர்வையாக ஞாபகம் இல்லை. எதிர்வீட்டு மாடியிலிருந்து ரெண்டு பேர் எட்டிப் பார்த்தது ஞாபகம் இருக்கிறது. டாக்டரின் நாய் உள்ளே போய்விட்டது.

டாக்டர் நுரையைத் துப்பிவிட்டு, "நான் சொன்னது வியாழக்கிழமை. அப்பவே வாயைத் திறந்திருக்கலாமேய்யா" என்றார்.

"அப்ப ஒண்ணும் தோணல டாக்டர்."

"யார் எழுதினது அதெல்லாம்?"

"கவுண்டர்ல இருந்தவங்க."

"அருளப்பன், எம் பொண்டாட்டின்னு சொல்றதுக்கு உமக்கு எத்தனை நாள் வேணும்?"

"டெக்னிக்கலா அது முக்கியம் இல்ல டாக்டர். தகவல் அழியக் கூடாது. அதான் விஷயம்."

அவர் வாய் கொப்பளித்தார். பிறகு மெதுவாக, "எம் பேர்ல ஏதாவது இருக்கா?" என்றார்.

இருந்தது. முதல் நாளே பார்த்து வைத்திருந்தேன். சொன்னேன். 'டாக்டர். சொந்த லேப் ரிசல்ட்டை நம்ப மாட்டார். மூணு தடவை எடுக்கச்' என்பது முன்பாதி. 'சொல்லுவார், முதல்ல வந்ததையே மூணு தடவையும் குடு, மூணாவதை நம்புவார்' என்பது பின்பாதி.

அவர் பிரஷ்ஷைக் கீழே இறக்கினார். "அப்படியேதான் குடுத்திருக்கு அந்தம்மா" என்றார். சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். "திங்கட்கிழமை ஏழு மணிக்கு ஷட்டரைத் திறக்கிறப்ப மெஷின் ஓடணும். எப்படிச் செய்வீங்களோ எனக்குத் தெரியாது. ஓடலைன்னா 199 வயசுக்காரங்களோட உங்களையும் சேர்த்து அழிச்சிடுவேன்."

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகவில்லை. பாதரிடம் வேறு ஏதோ காரணம் சொன்னேன். மிருதுளா குழந்தைகளை ஊரில் விட்டுவிட்டு வந்திருந்தாள். வழி ஒன்றுதான். குறிப்புக் கட்டத்தைப் பெரிதாக்க வேண்டும். பின்பாதியை எல்லாம் அவரவர் முன்பாதியோடு ஒட்ட வேண்டும். ஒட்டின பிறகு 199 வயதுக்காரர்களை அனுப்பிவிடலாம். அப்போது வயதும் ஒத்துப்போகும், குறிப்பும் ஒத்துப்போகும், காகிதமும் மாப்பிள்ளையும் ஒன்றாகிவிடும்.

"உங்க டேபிளுங்க அங்கிள். நீங்களே அடிங்க" என்று கீபோர்டை என் பக்கம் தள்ளினாள்.

அடித்தேன். அறுபதை இருநூற்றைம்பத்தைந்தாக்கும் கட்டளை. ஒரே ஒரு வரி. ஒன்பது விநாடி ஆனது. பதின்மூன்று வருஷம் கேட்டது, ஒன்பது விநாடி. புது மெஷின் சார், வேகம் ஜாஸ்தி. பழைய மெஷினில் கால் மணி நேரமாவது ஆகியிருக்கும்.

ஒட்டுகிற வேலையை மிருதுளா செய்தாள். மூவாயிரத்து நூற்றுப் பதினாலும் ஒட்டியது. ஒன்றுகூடத் தவறவில்லை. அப்புறம்தான் அவள் கேட்டாள். "அங்கிள், சரியா அறுபதுல நின்னு, பின்பாதியே இல்லாம ஒரு இருநூத்திப் பன்னெண்டு வரி இருக்குதுங்க. எல்லாம் 2008-க்கு முந்தி. இதோட வாலெல்லாம் எங்கீங்க?"

நான் தண்ணீர் குடித்தேன்.

அவள் பாட்டுக்கு அந்தப் பட்டியலைப் படித்துக்கொண்டே போனாள். "இவரு பீடி பிடிச்சுட்டு வந்து... அவ்வளவுதான். இந்தப் பாப்பாவுக்கு மிட்டாய் குடுத்தா... அவ்வளவுதான். எண் 8417, 'என் வீட்டுக்காரர்'..." நிறுத்திவிட்டாள். திரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "பேரு அருளப்பன்னு போட்டிருக்குதுங்க அங்கிள். வயசு நாப்பத்தெட்டு."

2007-ல் எனக்கு டைபாய்டு வந்தது. இங்கேதான் ரத்தம் கொடுத்தேன். அவள்தான் பதிவு செய்தாள். எனக்கும் ஒரு குறிப்பு எழுதுவாள் என்று நான் நினைத்ததே இல்லை. எதிரில் இருக்கிற ஆளைப் பற்றி எழுத என்ன இருக்கிறது?

தமிழை இங்கிலீஷ் எழுத்தில்தான் அடிப்பாள். உங்களுக்குத் தமிழாகவே சொல்கிறேன். 'என் வீட்டுக்காரர். குத்தும்போது வாயே திறக்க மாட்டார். 2 நாள் க'.

அத்தோடு அறுபது. 'க' என்பது 'கழிச்சு' என்றுதான் இருக்க வேண்டும். ரெண்டு நாள் கழிச்சு. ரெண்டு நாள் கழிச்சு நான் என்ன செய்வேன்? 8418-ல் இருந்திருக்கும். 8418 இல்லை. 8417-க்கு அடுத்தது 8419, யாரோ ஒரு பழனியம்மாள், யூரின் டெஸ்ட்.

மிருதுளா எழுந்து போய் ரெண்டு டீ வாங்கி வந்தாள்.

நான் சும்மா விடவில்லை சார். என்னிடம் பேக்கப் உண்டு. அந்தக் காலத்தில் மாசா மாசம் சிடியில் எடுத்து, தேதி எழுதி வைப்பேன். அதில் நான் ரொம்பக் கறார். அன்று சாயங்காலமே வீட்டுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தேன். 2007, 2008 சிடி ஒன்றுகூட இல்லை. தேடினால், கொல்லையில் கொய்யா மரத்தில் கிடக்கின்றன. அணில் விரட்ட பிலோமினா நூலில் கட்டித் தொங்கவிட்டது. 'பழசுதானே, எடுத்துக்க' என்று நான்தான் கொடுத்திருப்பேன். ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தேன். 2008 ஏப்ரல் என் கையெழுத்தில் இருக்கிறது. பின்பக்கம் வெள்ளி எல்லாம் உரிந்து, கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது, மற்றவையும் அதே கதிதான். அந்தப் பக்கம் பார்த்தால் மரம் தெரிகிறது. அணில் அப்போதும் கொய்யாவைத் தின்றுகொண்டுதான் இருந்தது.

ரெண்டு நாள் கழித்து நான் என்ன செய்வேன் என்று பக்கத்து வீட்டில் கேட்டுப் பார்த்தேன். சிரிக்கிறார்கள். என் அக்காவிடம் போன் போட்டுக் கேட்டேன். 'போடா' என்று வைத்துவிட்டாள். டாக்டரிடம்கூடக் கேட்டேன். 'உமக்கு அது தெரியாதா?' என்று திருப்பிக் கேட்டார். எல்லாருக்கும் தெரிந்த மாதிரிதான் இருக்கிறது. யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். உங்களுக்கு என்ன தோன்றுகிறது? நீங்களும் சிரிக்கிறீர்கள். விடுங்கள்.

திங்கட்கிழமை ஏழு மணிக்கு மெஷின் ஓடியது. இன்று வரைக்கும் ஓடுகிறது. கவுண்டரில் இப்போது இருக்கிற பெண்களிடம், 'குறிப்பில் இருநூற்றைம்பத்தைந்து எழுத்து இருக்கிறதம்மா, தாராளமாக எழுதுங்கள்' என்று நானே போய்ச் சொன்னேன். 'சரிங்க சார்' என்றார்கள். ஒரு வருஷத்தில் அவர்கள் எழுதினதில் பெரியது 'சுகர் உண்டு'. ரத்தம் எடுக்கிற பெண் குறிப்பைத் திறந்து பார்ப்பதும் இல்லை. அதனால்தான் நான் இங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். கவுண்டரில் பெயர் சொல்லும்போது உள்ளே என் திரையில் பார்த்துவிட்டு வந்துவிடுவேன். உங்கள் பெயரைப் பார்த்தேன். 2014-ல் வந்திருக்கிறீர்கள். 'வலது கையில நரம்பு நல்லாத் தெரியும், நம்பாதே, ஓடிடும், இடது கைதான்.' அப்புறம் பின்பாதியில் இன்னொன்றும் இருக்கிறது. அதை இத்தனை பேர் நடுவில் சொல்ல முடியாது. கெட்டதாக ஒன்றும் இல்லை, பயப்படாதீர்கள்.

அதோ கூப்பிடுகிறார்கள். பத்தே கால் ஆகிவிட்டது. போங்கள், இடது கையை நீட்டுங்கள்.

என் வரியா? அப்படியேதான் இருக்கிறது. எண் 8417. குறிப்புக் கட்டத்தில் அறுபது எழுத்து இருக்கிறது. மீதி நூற்றுத் தொண்ணூற்றைந்து இடம் காலி.